துண்டுக்கு அடியில் மூன்று விரல்

போன வாரம் மகனுடைய காரை விற்றோம். ஓர் இளைஞர் வந்து நாலு பக்கமும் படம் எடுத்தார். செல்போனில் விலை வந்தது. முடிந்தது. "பின்கதவக் கொஞ்சம் தூக்கித்தான் சாத்தணும்" என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் வேணாம் அங்கிள், ஃபோட்டோவே போதும்" என்றார்.

அந்தக் கதவைத் திறந்தபோது உள்ளே தைல வாசனை அடித்தது. என் மனைவி சரோஜா ஏறும் வண்டியில் எல்லாம் அந்த வாசனை ஒட்டிக்கொள்ளும். அதுதான் என்னைத் தொண்ணூறுகளின் ஓசூருக்குக் கொண்டுபோய் விட்டது.

தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் எனக்கு குவாலிட்டி செக்ஷனில் வேலை. அதாவது, குறை கண்டுபிடிக்கச் சம்பளம். வீட்டில் சாம்பாரையும் விட்டுவைத்ததில்லை. தக்க பதிலும் வாங்கியிருக்கிறேன். சரோஜாவுக்கு மூச்சிரைப்பு. பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு பழைய கார் வைத்திருந்தோம். ஒருமுறை அது கர்நாடக எல்லையில், அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில், லாரிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே சரோஜா மூச்சுக்குத் தவிக்க, நான் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விழித்தேன். வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. வண்டியை மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

காதர் பாய் என்று ஒரு தரகர். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவர், கம்பெனிகள் வந்ததும் காருக்கு மாறினார். துண்டை மட்டும் மாற்றவில்லை. அதற்கு அடியில் கைகோத்து, விரலைப் பிடித்துத்தான் விலை பேச வேண்டும். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. விரல் ஒன்றுக்குப் பத்தாயிரம். நகையை அடகு வைத்தும் எங்களால் முடிந்தது மூன்று விரல்தான்.

"வாயத் தொறக்காதீங்க சார், வெரலு பேசட்டும்" என்று பாய் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

வியாபாரி நஞ்சப்பா அத்திப்பள்ளிக்காரர். எங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு நல்ல வண்டி ஒன்று தருவார், மேலே எவ்வளவு கொடுப்பது என்பதுதான் பேச்சு. துண்டு விழுந்தது. அவர் என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். பதிலுக்கு மூன்று விரலைப் பிடித்திருக்க வேண்டும். நானோ வாயைத் திறந்துவிட்டேன். பழக்கதோஷம். ரேடியேட்டர் ஒழுகுவது, கியர் நழுவுவது, சூடேறினால் நின்றுபோவது, செக்போஸ்ட், சரோஜா என்று என் வண்டியின் குறையை எல்லாம் நானே ஒப்பித்தேன். பாய் என் காலை மிதித்தும் பயனில்லை.

நஞ்சப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு துண்டுக்கு அடியில், பிடித்திருந்த என் ஐந்து விரலில் ஒன்றை விடுவித்தார். இன்னொன்றையும் விடுவித்தார். மூன்று நின்றது.

"என்னென்ன மறச்சி வெச்சிருக்கீங்களோன்னு நெனச்சுதான் அஞ்சு கேட்டேன். ஆய்த்து, முடிஞ்சது சார், அம்மாவ இந்த வண்டில கூட்டிட்டுப் போங்க."

"இப்படிப்பட்ட ஆளுக்கு நான் எதுக்கு சார்?" என்று பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனால் டீ வாங்கிக் கொடுத்தது அவர்தான்.

அடுத்த முறை செக்போஸ்ட்டைத் தாண்டும்போது சரோஜா பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். நஞ்சப்பாவுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

இப்போது அந்தப் பக்கம் துண்டும் இல்லை, விரல் பிடிக்கிறவர்களும் இல்லை. செல்போன் சொன்ன விலையில் குறையொன்றும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். வண்டி கிளம்பும்போது என்னை அறியாமல், துண்டுக்கு அடியில் நீட்டுவதுபோல், கையை நீட்டினேன்.

"இன்னொரு சாவி இருக்கா அங்கிள்?" என்று என் கையைப் பார்த்துக் கேட்டார் அந்த இளைஞர்.