சலாகை குத்தாத துளை

முதல் உலகப் போருக்குச் சில ஆண்டுகள் முன்பு பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் உதவி டாக்டராக இருந்தேன். மஞ்சள் காமாலை முற்றி இறந்த ஒரு விவசாயியின் உடலைப் போலீசார் அறுத்துப் பார்க்கக் கொண்டுவந்தார்கள். மனைவி சோற்றில் இடுமருந்து கலந்து கொன்றுவிட்டாள் என்பது அவன் தம்பியின் புகார். எங்கள் பக்கத்தில் ஒருவன் மெலிந்து செத்தால் முதலில் பெண்டாட்டியின் கையைத்தான் பார்ப்பார்கள். படித்தவர்களும் அப்படித்தான். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

விஷத்தின் அடையாளம் எதுவும் இல்லை. பித்தக்குழாய் குடலில் திறக்கும் இடத்தைச் சுண்டைக்காய் அளவு கல் ஒன்று இறுக அடைத்திருந்தது. அதுதான் அவனைக் கொன்றது. பக்கத்திலேயே இன்னொரு சிறு துளை. சலாகை என்ற மெல்லிய கம்பியை அதில் விட்டுப் பார்த்தேன். கணையத்தின் குழாய் அங்கே தனியாகத் திறந்தது. எங்கள் புத்தகப் படத்தில் இரண்டு குழாய்களும் சேர்ந்து ஒரே துளையாக இருக்கும். இந்த மனிதனுக்குப் பிறவியிலேயே இரண்டு.

பெரிய டாக்டரான வெள்ளைக்காரத் துரை குனிந்து பார்த்தார்.

"ஆண்டவன் வைத்தது ஒன்று. மற்றது உன் சலாகை குத்தியது" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். குழாயைக் கிழித்த நான்தான் கல்லையும் பித்தப்பையிலிருந்து அங்கே தள்ளிக்கொண்டு வந்திருப்பேன் என்றார். மரணத்துக்குக் காரணம் தெரியவில்லை என்று எழுதச் சொன்னார்.

அந்தத் துளையின் விளிம்பு வழவழப்பாக இருந்தது. கிழிந்த சதை அப்படி இருக்காது. "எஸ் சார்" என்று சொல்லி எழுதினேன். என் பதவி உயர்வு அவர் கையில் இருந்தது. வேறு காரணம் கிடையாது. தனித்தனித் துளைகள் பலருக்கும் உண்டு என்று பின்னாளில் புத்தகங்களில் வந்தது. புத்தகம் எதற்கு? என் விரலே தொட்டுப் பார்த்ததல்லவா.

வெளியே அந்தப் பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றாள்.

"என்னமும் தெரிஞ்சுதா அய்யா?"

"காரணம் தெரியலம்மா."

அவள் கொழுந்தன் உறவுக்காரர்கள் பக்கம் திரும்பினான். "கேட்டியளா? டாக்டருக்கே பிடிபடலயாம். அப்பம் எம்புட்டு கைகாரியா இருக்கணும்?"

"அவுக வலில துடிச்சத நீங்களுந்தான பாத்திய?" என்றாள் அவள்.

"மருந்து உள்ள போனா துடிக்கத்தான் செய்வான். எங்க அண்ணன் பிள்ளைக்கும் நீ சோறு போடப் போறியோ? குடு இங்கன."

விஷம் என்று நான் எழுதாததால் வழக்கு இல்லை. வழக்கு இருந்திருந்தால் அவளுக்காக ஒரு வக்கீலாவது பேசியிருப்பார்.

கல் உள்ளே மேசைமேல் கிண்ணத்தில் கிடந்தது. குழந்தையை அவன் பிடித்து இழுத்தான். அவள் விடாமல் என்னைப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா."

நான் சொல்லவில்லை. அவள் பிடி தளர்ந்தது.