இருபது கோடிப் பெட்டித் தேயிலை

இரத்தினவேலுக்கு யோகமலரை வேலைக்கு எடுக்க விருப்பமே இருக்கவில்லை. அவருடைய மனைவி அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவள். மனைவியின் கரைச்சல் தாங்காமல்தான் எடுத்தார். அஜின்கோர்ட் என்ற ஊரில் ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்தது அவருடைய கொம்பனி. பண்டகசாலைகளில் இருக்கிற சரக்கைக் கணக்கெடுக்கும் புரோகிராம் எழுதி விற்றார். அங்கே வேலைசெய்த மற்ற இருவருக்கும் புதிய இன்ரெல் கொம்பியூட்டர்கள். யோகமலரின் மேசையில் மட்டும், யாரோ வாடிக்கையாளர் வேண்டாமென்று விட்டுப்போன அப்பிள் லப்ரொப்பைக் கொண்டுவந்து போட்டார்.

"அண்ணை, எங்கட புரோகிராம் லினக்ஸிலதானே ஓடும்."

"ஏலுமெண்டால் உதில ஓட்டும். ஏலாட்டி வீட்டில இருந்து சமையும்."

யோகமலர் லப்ரொப்பைத் திறந்தாள். அவள் லேசில் அழுகிறவளும் இல்லை, லேசில் மறக்கிறவளும் இல்லை.

கொம்பியூட்டரை இயக்கும் அடிப்படைப் புரோகிராம்தான் லினக்ஸ்; ஒஃபிஸில் கிடந்த அதன் சீடியைப் போட்டுப் பார்த்தாள். லப்ரொப் அசையவில்லை. அந்தச் சீடி, கொம்பியூட்டரின் மூளையான புரொசசர் இன்ரெல்லாக இருந்தால் ஓடுவதற்கென்று செய்தது. இதற்குள் இருந்த புரொசசரின் இனமே வேறு. அதற்கேற்ற லினக்ஸை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தாள். முதலில் கறுப்புத் திரை மட்டும் வந்தது. பிறகு திரையில் எழுத்து வந்தது, விசைகள் வேலைசெய்யவில்லை. மூடியை ஒருமுறை மூடினால் மறுபடி விழிக்காது. அதனால் வீட்டுக்குப் போகும் மல்வேர்ன் பஸ்ஸில் அதைத் திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

"இன்னும் கறுப்புத்தானோ? வடிவாயிருக்கு" என்பார் இரத்தினவேல், கடந்து போகும்போதெல்லாம்.

கடைசியில் அது ஓடியது, மூடித் திறந்தாலும் விழித்தது. இரத்தினவேலின் புரோகிராமை அதில் ஏற்றி, ஒஃபிஸ் இன்ரெல் மிசினில் எழுதியிருந்த ஒரு சரக்குக் கணக்கைத் திறந்தாள். பன்னிரண்டு பெட்டித் தேயிலை இருபது கோடிப் பெட்டி என்று காட்டியது. ஏனென்று கண்டுபிடித்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"இன்ரெல் ஒரு எண்ணைப் பின்னுக்கிருந்து எழுதுது அண்ணை, இது முன்னுக்கிருந்து எழுதுது. உங்கட புரோகிராம் கோட் எல்லா மிசினும் ஒரே மாதிரி எழுதுமெண்டு நினைக்குது."

"என்ர கோட் இவ்வளவு காலமும் ஓடினது. பிழை உம்மட மிசினில."

"நாளைக்கு ஆரும் இன்ரெல் இல்லாத சேர்வர் வாங்கினால்?"

"உமக்குச் சம்பளம் தாறது எனக்குப் படிப்பிக்கவோ?"

மற்ற இருவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அவள் தன் லப்ரொப்பில் இருந்த பிரதியைத் திருத்தி வைத்தாள். அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டில் மார்க்கம் நகரத்து வாடிக்கையாளர் ஒருவர் பெரிய சேர்வர் மிசின் வாங்கினார். அது இன்ரெல் இல்லை. புரோகிராமைப் பொருத்த இரத்தினவேல் அவளையும் கூட்டிக்கொண்டு போனார். பழைய இன்ரெல் மிசினில் இருந்த கணக்கை அதில் திறந்ததும் அங்கேயும் கோடிக்கணக்கில் தேயிலை. மனேஜர் முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. யோகமலர் லப்ரொப்பை எடுக்கப் பையைத் திறந்தாள். அந்த நேரம் இரத்தினவேல் அவளைக் காட்டி, "இவள் கை வைத்ததால் வந்த பிழை" என்று மனேஜருக்கு இங்கிலீஷில் சொன்னார்.

இரத்தினவேல் பார்த்துக்கொண்டிருக்க, அவள் பையை மூடிவிட்டாள்.

திரும்பி வரும்போது காரில் அவரே கேட்டார்.

"திருத்தினது உம்மட்ட இருக்குத்தானே?"

"இருக்கு."

"அப்ப தாரும்."

"பிழை மிசினில எண்டுதானே சொன்னனீங்கள்."

"நீ உன்னை ஆரெண்டு நினைச்சாய்? லப்ரொப் என்ர சொத்து. வைச்சிட்டு இறங்கு."

அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் லப்ரொப்பை மடியில் எடுத்து, அதன் வன்வட்டில் இருந்த எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையை அடித்தாள். லினக்ஸும் போனது, அவள் திருத்தியதும் போனது. செய்வது சரியில்லை என்று தெரிந்துதான் செய்தாள். சிவப்பு விளக்கில் கார் நின்றபோது லப்ரொப்பை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கி நடந்தாள்.

அந்த வாடிக்கையாளர் வேறு கொம்பனிக்குப் போய்விட்டார். யோகமலர் தன்னை நாசமாக்கியவள் என்று இரத்தினவேல் ஊரெல்லாம் சொன்னார். தமிழ் ஆட்கள் நடத்திய கொம்பனிகள் அவளை எடுக்கவில்லை. வெகுநாள் அலைந்து, மார்க்கத்தில் ஒரு வெள்ளைக்காரரிடம் வேலை கிடைத்தது.

பிறகு ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டுத் தட்டோடு இரத்தினவேலின் மனைவி அவளுக்கு எதிரே வந்து நின்றாள்.

"நீ வேணுமெண்டே அழிச்சனியாம். உண்மையோ?"

"ஓம்."

ஏனென்று கேட்பாள் என்று யோகமலர் காத்திருந்தாள். அவள் கேட்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள்.