கம்பிக்குள் நீந்துகிறவன்

அக்காவின் விஞ்ஞானப் புத்தகத்துக்குள் ஒருவன் நீந்திக்கொண்டிருந்தான். கடலில் இல்லை, ஆற்றில் இல்லை, செப்புக் கம்பிக்குள். மின்னோட்டம் போகிற திசையில், காந்த ஊசியை நோக்கி முகத்தை வைத்தபடி நீந்துவானாம். ஊசியின் வடமுனை அவனுடைய இடக்கைப் பக்கமாக விலகுமாம். அக்கா சோதினைக்காக இதைக் காலையில் ஒருதரம், விளக்கேற்றிய பிறகு ஒருதரம் பாடமாக்குவாள். எனக்கு ஒன்பது வயது. தொண்டைமானாற்று முகத்துவாரத்தில் நடை பழகுமுன் நீந்தப் பழகிய பிள்ளை நான். ஓட்டம் என்றால் எனக்குத் தெரியும். அந்த மனிதனுக்கு மூச்சு முட்டாதோ என்பதுதான் என் கவலை.

"ஓட்டத்தோடை போறவன் என்ன நீச்சல்காரன்? ஏலுமெண்டால் எதிர்த்து நீந்தச் சொல்லு பாப்பம்" என்பார் சின்னமாமா.

சின்னமாமா அம்மாவின் தம்பி, அப்பாவுடைய மீன்பிடி வள்ளத்தில்தான் தொழில். சிரிக்காமல் அவரால் ஒரு வாய் சோறு தின்ன முடியாது. அந்த வருடம் அவருக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. வள்ளத்தின் பித்தளைத் திசைகாட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, கவிழ்த்த கள்ளிப்பெட்டி ஒன்றின்மேல் வைப்பார். சப்பாணி கட்டி உட்கார்ந்து கண்ணை மூடுவார். முணுமுணுப்பார். அவ்வளவுதான், கடலில் எந்தக் காற்றுக்கும் அசையாமல் வடக்கைக் காட்டுகிற ஊசி, நடுங்கி, தயங்கி, பக்கவாட்டில் ஒதுங்கும். சில நாள் கிழக்கே, சில நாள் மேற்கே. மந்திரம் முடிந்ததும் பழையபடி வடக்கு. நாங்கள் வாய் பிளந்து நிற்போம்.

ஒருநாள் மாமா சவால் விட்டார். "ஊசி எந்தப் பக்கம் திரும்புமெண்டு முன்கூட்டியே சொல்லுங்கோ. சரியெண்டால் ரெண்டு பேரையும் வள்ளத்திலை காங்கேசன்துறைக்குக் கூட்டிக்கொண்டு போறன். கப்பல் பாக்கலாம். ரெண்டு தரம்தான் சொல்லலாம்."

எங்கள் வீட்டுப் பெண்கள் எவரும் வள்ளத்தில் கால் வைத்ததில்லை. கிழிந்த வலை பொத்தலாம், மீன் வெட்டலாம், கரையில் நின்று காத்திருக்கலாம். ஏறக்கூடாது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா புத்தகத்தை மூடிவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து அவள் கள்ளிப்பெட்டியைத் தூக்கினாள். உள்ளே றேடியோப் பெட்டியின் பற்றறி. பெட்டியின் உட்பக்கத்தில், திசைகாட்டிக்கு நேர் கீழே, மின்னோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும்படி ஒரு கம்பி, அதன் நுனி மாமாவின் கால் பெருவிரல் எட்டுகிற இடத்தில். விரலால் அமர்த்தினால் மின்சாரம், எடுத்தால் இல்லை. அக்காவின் கண் அப்படி மின்னி நான் கண்டதில்லை.

"எடியே, அவன் இதுக்குள்ளைதானடி நீந்துறான்! வடக்கை தலை வைச்சுப் படு."

சீமெந்துத் தரையில் குப்புற விழுந்து கையைக் காலை அடித்து நீந்தினேன். என் இடக்கை மேற்கே போனது.

"மேற்கு!" என்றோம் மாமாவிடம். அவர் கண்ணை மூடினார், முணுமுணுத்தார். ஊசி கிழக்கே போனது. மாமா சிரித்த சிரிப்பில் கோழிகள் கலைந்தன. நான் அழுதேன். அக்கா அழவில்லை. அந்த விதியையும் பெட்டிக்குள் கண்ட கம்பியையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா பொறுமையிழந்தாள். "ஊசியைப் பாத்துக்கொண்டெல்லோ நீந்துறான் எண்டு கத்துறாய்? ஊசி மேலை கிடக்கு. அவன் குப்புறக் கிடந்து என்னத்தைப் பாக்கிறான், மண்ணையோ?"

அக்கா அம்மாவைக் கட்டிப்பிடித்தாள், செதிலோடும் இரத்தத்தோடும். "விடடி விசரி!" என்றாள் அம்மா.

மறுநாள் பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் மாமா பற்றறியில் கம்பிகளை மாற்றிப் பூட்டியிருந்தார். ஓட்டம் இப்போது வடக்கிலிருந்து தெற்கே.

"தெற்கை தலை வை. மல்லாக்கப் படு."

ஆற்று நீரில் வானத்தைப் பார்த்தபடி மிதப்பதுபோல் மிதந்தேன். கூரைத் தட்டில் ஒரு பல்லி. என் இடக்கை தானாக விரிந்தது, மறுபடியும் மேற்கே.

"மேற்கு" என்றேன்.

"நேற்றும் இதைத்தானே சொல்லித் தோத்தனீங்கள்?" மாமாவின் மீசை துடித்தது.

"இண்டைக்கு மல்லாக்க நீந்திப் பாத்தனான் மாமா."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணை மூடினார். ஊசி நடுங்கியது, தயங்கியது, பிறகு ஒரே வீச்சில் மேற்கே சாய்ந்தது. நான் குதித்தேன், அக்கா குதித்தாள், அம்மாகூடக் கத்தியோடு வாசலுக்கு வந்து சிரித்தாள். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கை, உன்ரை பெட்டையள் என்ரை மந்திரத்தைத் திண்டிட்டாளவை!"

புதுக் கயிறு வாங்க வள்ளம் காங்கேசன்துறைக்குப் புறப்பட்ட காலை, அக்காவும் நானும் விடியமுன்னமே தலை வாரி இழுத்து, நல்ல சட்டை போட்டுக் கரையில் நின்றோம். மாமா என்னைத் தூக்கி உள்ளே வைத்தார். அக்காவுக்குக் கையை நீட்டினார்.

அப்பா வள்ளத்தின் பாய்மரப் பாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சின்னன் வரட்டும். பெரியவள் குமர்ப்பிள்ளை, ஊர் என்ன கதைக்கும்? அவள் வீட்டை போகட்டும்."

"அத்தான், ரெண்டு பேருக்கும் வாக்குக் குடுத்தனான்."

"தள்ளு வள்ளத்தை."

பாய் புடைத்தது. வெயில் கடல் முழுக்கச் சில்லுச் சில்லாகச் சிதறிக் கிடந்தது. நான் வள்ளத்தின் மூக்கான முன்னணியத்தைக் கட்டிப்பிடித்தபடி, எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் பார்த்தேன். திரும்பிப் பார்த்தபோது அக்கா கரையோரமாக ஓடி வந்துகொண்டிருந்தாள், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வள்ளத்துக்குச் சரிசமமாக. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை, ஓட்டப் போட்டி! மணல் முடிந்து பாறை தொடங்குகிற இடத்தில் அவள் நின்றுவிட்டாள். நான் எழுந்து நின்று கை தட்டினேன்.

"அக்கா, தோத்துப்போனாய்! தோத்துப்போனாய்!"

சின்னமாமா என் தோளைப் பிடித்து மெல்ல இருத்தினார். வேறு நாளென்றால் என்னைவிடப் பலமாகச் சிரித்திருப்பார். அன்று ஏன் சிரிக்கவில்லை என்று யோசித்தேன், முதல் கப்பல் கண்ணில் படும்வரை.