நம்ம செட்டின் ஒரே ஜோடி

எங்கள் பள்ளிக்கூட செட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் காலையில் ஓர் உத்தரவு வந்தது. "ஞாயித்துக்கெழமைக்குள்ள எல்லாரும் குடும்பப் போட்டோவோட நாலு வரி போடோணும். போடாதவங்கள குரூப்ப உட்டுத் தூக்கிருவேன்." போட்டவன் ராய்ப்பூர் பக்கம் ரிக் வண்டி வைத்து போர்வெல் போடுகிறவன். படிக்கும்போது கடைசி பெஞ்சு. அன்றைக்கு அவனை யாரும் ஒரு ஆளாக மதித்ததில்லை. இன்றைக்கு அவன் ஒரு அதட்டல் போட்டதும் டாக்டர்களும் இன்ஜினியர்களும் வரிசையில் நின்றார்கள்.

ஒவ்வொருவராகப் போட்டார்கள். கெமிஸ்ட்ரியில் சென்டம் வாங்கியவள் அமெரிக்காவில் ஏதோ பூசணித் தோட்டத்தில் குழந்தைகளோடு நின்றாள். ஒருவன் மோகனூர்ப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். மனைவி, மக்கள், பின்னால் நீளமான ஷெட்டு; அடியில் "கோழிகளும் நலம்" என்று எழுதியிருந்தான். இளம்பிள்ளை ஊர்க்காரி ஒருத்தி செல்போன் முன்னால் உட்கார்ந்து சேலை விற்கிறாளாம். படிக்கும்போது வாயே திறக்காதவள் இப்போது மூச்சு விடாமல் பேசுகிறாள். எல்லாவற்றையும் படித்தேன், எல்லோருக்கும் இதயம் போட்டேன். என்னுடையதை மட்டும் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன்.

அதற்குள் ரிக் வண்டிக்காரன் கேட்டுவிட்டான். "நம்ம செட்டோட ஒரே ஜோடி எங்கப்பா? அவங்க போட்டோ இன்னும் வரல?" அதற்குக் கீழே ஏகப்பட்ட கைதட்டல்.

அந்த ஜோடி நானும் என் கணவரும்தான். நாங்கள் தனித்தனியாக இருக்க ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சேர்ந்தே விவாகரத்து மனுப் போட்டு, சேலம் குடும்ப நீதிமன்றத்தில் கடைசி வாய்தாவுக்குக் காத்திருந்தோம். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை மாவட்டம் முழுக்கப் போகும். பிரிந்த சேதி வக்கீல் ஆபீஸைத் தாண்டாது.

நாங்கள் படித்தது நாமக்கல்லில் ஒரு தனியார் பள்ளி, விடுதியோடு. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்காமலே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு வருஷம் அரைத்து ஊட்டுவார்கள். பெண்களுக்கு ஒரு படிக்கட்டு, பையன்களுக்கு ஒரு படிக்கட்டு. சாப்பாட்டு நேரம்கூட வேறு வேறு. ஒருவருக்கொருவர் பேசினால் மறுநாள் காலையில் அப்பா ஊரிலிருந்து வந்து கைகட்டி நிற்க வேண்டும். அதனால் என் வகுப்புப் பையன்கள் எனக்கு நோட்டீஸ் போர்டில் ஒட்டிய ரேங்க் மட்டும்தான். அவரும் அப்படித்தான். பிசிக்ஸில் எனக்கு எப்போதும் ஒரு படி மேலே இருந்த ஒரு பெயர். அந்தப் பெயர் மீது எனக்கு எரிச்சல் உண்டு, அவ்வளவுதான்.

வேலைக்குப் போன பிறகு அவருடைய ஜாதகம் எங்கள் வீட்டுக்கு வந்தது. குலக் கூட்டம் வேறு வேறு, காடு தோட்டம் சமம், பொருத்தமும் சேர்ந்தது. ஆனால் எங்கள் அப்பாவை உட்கார்ந்த இடத்திலேயே சம்மதிக்க வைத்தது இது எதுவுமில்லை. மாப்பிள்ளையின் அப்பா சொன்ன ஒரு வாசகம். "ரெண்டு வருசம் ஒரே பள்ளிக்கொடத்துல இருந்தும் ஒரு வார்த்தை பேசிக்கலீங்க. இதுக்கு மேல என்னுங்க வேணும்?"

"அதானுங்களே!" என்றார் எங்கள் அப்பா, பெருமை தாங்காமல். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். எங்கள் கல்யாணத்துக்கு ஒரு பொய்கூடத் தேவைப்படவில்லை. நாங்கள் பேசிக்கொண்டதில்லை என்ற ஒரே உண்மை போதுமாக இருந்தது. கல்யாணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள்.

அதற்குப் பிறகும் நாங்கள் பேசவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது காரணம் சொல்ல வசதியாக இருந்திருக்கும். அவர் கோழித் தீவனக் கம்பெனிக்குப் போவார், நான் காலேஜில் பாடம் எடுக்கப் போவேன். சாப்பிட்டாச்சா, கேஸ் புக் பண்ணியாச்சா, நாளைக்குத் தண்ணி வருமா. நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஒருமுறை எனக்குக் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மல்லூர்ப் பக்கம் வண்டியை ஓரம் கட்டினார். ஏதோ சொல்லப் போகிறார் என்று அவர் பக்கம் திரும்பினேன். இறங்கிப் போய் இளநீர் வாங்கி வந்து கொடுத்தார். நானும் குடித்தேன். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அவர் முன்னால் எப்படி அழுவது என்று தெரியவில்லை. இப்படியே வருஷங்கள் போயின. கடைசியில் பிரிந்துவிடலாம் என்பதையும் நாங்கள் பேசவில்லை. இரண்டு வீட்டுப் பெரியவர்கள்தான் பேசினார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் குழுவில் அவர் எழுதினார். போட்டோ இல்லை. "நாங்க ரெண்டு பேரும் இப்ப தனியா இருக்கறோமுங்க. அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல. யாரும் அவங்களக் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாமுங்க." என்னைப் பற்றி அவர் தொடர்ச்சியாக மூன்று வாக்கியம் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. குழு அப்படியே அடங்கிப்போனது. வெகுநேரம் கழித்து யாரோ ஒரு ரோஜாப்பூவும் இனிய மாலை வணக்கமும் போட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அவரே போனில் கூப்பிட்டார். "அந்த ரோசாப்பூவப் பாத்தியா?" என்றார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பேசினோம். ரிக் வண்டிக்காரன் ஒருமுறை விடுதியை விட்டு ஓடிப்போனானே, காதல் தோல்வி என்று எங்கள் பக்கம் கண்ணீர் விட்டோம் என்றேன். "காதலா! அவன் பரோட்டா திங்கப் போயி மாட்டுனான்" என்றார். பூசணித் தோட்டக்காரி தூக்கத்தில் ஃபார்முலா சொல்லுவாள் என்றேன். பிசிக்ஸில் என் மார்க்கைத் தாண்டுவதற்காகவே விடியற்காலையில் எழுந்து படித்ததாக அவர் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், இந்தப் பக்கம் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்கு ஒரு கல்யாணமே போதாமல் போயிருக்கிறது. குக்கரில் வைத்த பருப்பு தீய்ந்து வாசம் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி பேசினேன். இவ்வளவு வேடிக்கையான மனுஷனா இவர் என்று நினைத்தபோது வயிற்றெரிச்சலாக இருந்தது. வாய்தாவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

"சரி, வெச்சரட்டுமா?" என்றார்.

"சரீங்க" என்றேன்.

வாய்தாவன்று கோர்ட்டில் அவர் தலையை வழித்துச் சீவி, தேய்த்த சட்டையோடு வந்திருந்தார். நீதிபதி ஒரு அம்மா. காகிதங்களைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கடைசியா கேக்கறேன். ரெண்டு பேரும் உக்காந்து மனசு விட்டுப் பேசிப் பாத்தீங்களா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பேசினோமுங்க" என்றார்.

"நீங்கம்மா?"

"பேசினோமுங்க" என்றேன்.

அதோடு நிறுத்திவிட்டேன். இன்னும் ஒரு வார்த்தை அவர் சொல்லட்டும், மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று அவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன். அவரோ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்வேன் என்றுதான் அவரும் காத்திருந்தார், அது எனக்குத் தெரிந்தது. நீதிபதி அம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு தீர்ப்பில் கையெழுத்துப் போட்டார்.