கன்னத்தில் இல்லாத தழும்பு

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு மூன்று வருஷம் முன்பு நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. திருச்சி கோட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போகும் கப்பலுக்கு டிக்கெட் எழுதும் ஏஜென்ட் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் அத்தா பினாங்கில் பல வருஷம் கடை வைத்திருந்தவர். அதனால் கப்பல் விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு நினைப்பு.

ஒரு திங்கட்கிழமை காலை ஸ்ரீரங்கத்திலிருந்து ஓர் ஏட்டு வந்தார். பருத்த உடம்பு, வெற்றிலை போட்ட வாய், அவசரமே இல்லாத பேச்சு. ஸ்ரீரங்கத்தில் நகை செய்யும் பத்தர் ஒருவரைப் பதினோரு நாளாகக் காணவில்லையாம். உறையூரில் ஒரு கல்யாணப் பெண்ணுக்காகச் செப்பனிடக் கொடுத்திருந்த காசுமாலையும் அவரோடு போய்விட்டது. கல்யாணத்துக்கு இரண்டே வாரம். பத்தர் பினாங்குக்குக் கப்பலேறிவிட்டார் என்று தெருவெல்லாம் பேச்சு.

எல்லாரும் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு போகிற காலமில்லை அது. ஓர் ஆள் கடல் தாண்டினாரா என்று பார்க்க, எங்கள் மாதிரி ஆபீஸ் புத்தகத்தைத்தான் போலீசார் முதலில் புரட்டுவார்கள். பெயர் இருந்தால் பினாங்கு துறைமுகத்துக்குத் தந்தி பறக்கும். கப்பலை விட்டு இறங்கும்போதே ஆளைப் பிடித்துக்கொள்வார்கள்.

நான் புத்தகத்தைப் புரட்டினேன். ஐந்தே நிமிஷம். அதே பெயர், ஸ்ரீரங்கம், போன வியாழக்கிழமைக் கப்பல். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆள் கிடைத்துவிட்டார், உடனே தந்தி கொடுங்கள் என்றேன்.

ஏட்டு என்னை நிதானமாகப் பார்த்தார். ஆளின் முகம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். டிக்கெட் எழுதியதே நான்தான், நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றேன்.

“இடது கன்னத்துல பெரிய தழும்பு இருந்துச்சா தம்பி?”

ஒரு கணம் கண்ணை மூடி யோசித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், தழும்பு எனக்குத் தெரிந்தது.

“இருந்துச்சுங்க.”

“பத்தருக்குத் தழும்பே கிடையாது” என்றார் அவர்.

ஆபீஸில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஏட்டு மட்டும் சிரிக்கவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, பெயருக்குக் கீழே என் கையெழுத்திலேயே இருந்த வரியில் விரலை வைத்தார். அடையவளஞ்சான் தெரு என்று எழுதியிருந்தது. பத்தர் வீடு இருப்பது வேறு தெருவிலாம். அந்த வரியை நான் படிக்கவே இல்லை. “வாங்க, ஒரு நடை போயிட்டு வருவோம்” என்று என்னிடம் சொன்னவர், முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு என்னை அழைத்துப் போனார்.

ஜட்கா வண்டியில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது மெதுவாகச் சொன்னார்: “நீங்க பொய் சொல்லலை தம்பி. நான் கேட்டதை அப்படியே பார்த்துட்டீங்க. நல்லவங்க பண்ற தப்பு இது. அதனாலதான் எனக்குப் பயம்.”

அடையவளஞ்சான் தெரு வீட்டில் கைக்குழந்தையோடு ஓர் அம்மாள் கதவைத் திறந்தார். அவர் கணவர் சமையல்காரர். பினாங்கில் ஒரு பெரிய கடையில் சமையல் வேலைக்குப் போயிருக்கிறார். ஊர் விட்டு ஊர் போனதே அதுதான் முதல் தடவையாம். போலீஸ் உடுப்பைப் பார்த்ததும் அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது.

“கப்பலுக்கு ஏதாவது ஆயிடுத்தா?” என்று கேட்டார்.

ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கப்பல் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, டிக்கெட் புத்தகத்தில் ஓர் எழுத்துப் பிழை, இந்தத் தம்பி சரிபார்க்க வந்திருக்கிறார் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு பென்சிலால் எதையோ கிறுக்கினேன். என் பேச்சைக் கேட்டுத் தந்தி கொடுத்திருந்தால், அந்த மனிதர் முன்பின் தெரியாத ஊரில் இறங்கியவுடன் கைவிலங்கைப் பார்த்திருப்பார்.

அடுத்தது பத்தர் வீடு. அவர் மனைவி நாங்கள் கேட்பதற்கு முன்பே ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். சௌக்கியமாகப் பினாங்கு வந்து சேர்ந்தேன் என்று பத்தர் எழுதியது. சனிக்கிழமைத் தபாலில் வந்ததாம். மேலே பினாங்கு ஸ்டாம்பு. ஏட்டு அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

இந்தத் தடவை நான் வாயைத் திறக்க அவசரப்படவில்லை. உறையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தபால் முத்திரையின் கறுப்பு வட்டம் ஸ்டாம்பின் ஓரத்தோடு நின்றுவிட்டது. உறையின் மேல் அதன் மிச்சம் இல்லை. பழைய கடிதத்திலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டாம்பு! நாளும் ஒத்துவரவில்லை. காணாமல் போன அன்றே கப்பலேறியிருந்தாலும் பினாங்கில் இறங்கி மூன்று நாலு நாள்தான் ஆகியிருக்கும். அங்கிருந்து கடிதம் வர இன்னும் ஒரு வாரம் வேண்டும். இரண்டையும் ஏட்டிடம் சொன்னேன்.

“நிச்சயமா?” என்றார்.

“நீங்களும் ஒரு தடவை பாருங்க” என்றேன்.

அவர் முதல் முறையாகச் சிரித்தார். பிறகு அந்த அம்மாளிடம் குரலை உயர்த்தாமல், உறையூர்ப் பெண்ணின் கல்யாணத் தேதியை மட்டும் சொன்னார். அந்த அம்மாள் அழுதுகொண்டே உண்மையைச் சொல்லிவிட்டார். கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தது குளித்தலையில் இருக்கும் அவருடைய தம்பி. பத்தர் கடலையே பார்க்கவில்லை. மைத்துனன் வீட்டில் இருந்தார்.

மறுநாள் குளித்தலைக்குப் போனபோது பத்தர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். மோர் சாதம் முடியும்வரை காத்திருந்துதான் கூட்டிவந்ததாக ஏட்டு பிறகு சொன்னார். காசுமாலை அரிசிப் பானைக்குள் ஒரு காசுகூடக் குறையாமல் இருந்தது.

உறையூர்க் கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. நானும் ஏட்டும் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். பெண்ணின் தகப்பனார் எங்கள் இலைக்கு முன்னால் வந்து நின்று, பாயசத்தை அவர் கையாலேயே ஊற்றினார். ஏட்டு மூன்று தடவை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அதே வேலையில் இருந்தேன். யாராவது ஓர் ஆளைப் பற்றி என்னிடம் விசாரித்தால், தெரியும் என்று சொல்வதற்கு முன்பு, எனக்கு உண்மையாகவே தெரியுமா என்று இன்றைக்கும் ஒரு நிமிஷம் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.