மாடிக்குப் போன ஆறாம் வகுப்பு

என் மகளுக்கு நடக்க வரும், படியேற வராது. இடது கால் விறைத்துக்கொள்ளும். எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு கீழே இருந்ததால் அதுவரை சிக்கலில்லை. ஆறாம் வகுப்பு மாடியில். தினமும் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினேன். வளர்ந்த பெண். கூடப் படிப்பவர்கள் பார்க்கிறார்களே என்று முகத்தை என் தோளில் புதைத்துக்கொள்வாள்.

கழிப்பறை கீழே. அதற்கு யாரைக் கூப்பிடுவது என்று பயந்து, காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தாள். அது தெரிந்த அன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமைகளில் பள்ளியின் ஓர் அறையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு பிசியோதெரபி நடக்கும். வெளியே காத்திருக்கும் அம்மாக்கள் நாங்கள் சிலர், வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் பேசிக்கொள்வோம். மாமியார் சொன்ன சொல், பிள்ளையைத் தூக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்ட இடுப்பு. பொம்மிடியிலிருந்து மகனோடு பஸ்ஸில் வரும் அக்காதான், "பெத்தவங்க கூட்டம் எதுக்கு இருக்குது? அதுல கேளும்மா" என்றார்.

வகுப்பைக் கீழே மாற்றும்படி கேட்டேன். கூட்டமும் மாடியில்தான் நடந்தது.

"ஒரு புள்ளைக்காக அத்தன புள்ளைங்களையும் எடம் மாத்த முடியுங்களா?" என்றார் தலைமையாசிரியை.

ஊரில் நிலபுலன் உள்ள ஒருவர், அவரும் ஒரு மாணவனின் அப்பாதான், சிரித்தபடி சொன்னார்: "வூட்லயே வெச்சிப் பாத்துக்கலாமில்ல? பாவம், அந்தப் புள்ளைக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?"

பாவமாம்! பலர் தலையாட்டினார்கள். பிறகு ஆண்டு விழாப் பந்தலைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். அழுதால் அதையும் பாவம் என்பார்கள் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த கூட்டத்துக்குச் சனிக்கிழமை அம்மாக்கள் நாங்கள் பிள்ளைகளோடு போய், மாடிப்படிக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டோம். "மேல வாங்க" என்று ஆள் மேல் ஆள் வந்தது.

"எங்க புள்ளைங்களால ஏற முடியாதுங்க. கூட்டத்தக் கீழ நடத்துங்க" என்றேன்.

கடைசியில் அவர்கள் இறங்கி வந்தார்கள். நிலக்காரர் பொம்மிடி அக்காவைப் பார்த்து, "ஒங்க பையன் இங்க படிக்கலையே, நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றார்.

"எம்பையன் ஸ்கூல்லயும் இதையேதாங்க சொல்றாங்க. அதான் வந்தேன்."

தலைமையாசிரியை என் மகளிடம் குனிந்து, "மேல அப்படி என்ன கண்ணு கஷ்டம்?" என்று கேட்டார்.

"நான் தண்ணியே குடிக்கறதில்ல மிஸ்" என்றாள் அவள்.



அடுத்த வாரமே ஆறாம் வகுப்பு கீழே வந்தது. எந்த வகுப்பையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டியிருந்த அறை ஒன்று கீழே சும்மா கிடந்திருக்கிறது! அந்த பெஞ்சுகளுக்குக் கிடைத்த இடம் அதுவரை என் மகளுக்குக் கிடைக்கவில்லை.

ஆண்டு விழா மேடையில், "பெரிய மனசு பண்ணி" அறை ஒதுக்க உதவியதாக அந்த நிலக்காரருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்தவள் முழங்கையால் இடித்தாள். அப்போதும் தட்டவில்லை.

பொம்மிடி அக்காவின் மகனுக்கு வகுப்பு இன்னும் மாடியில்தான். அந்தப் பள்ளியில் வெள்ளிக்கிழமை கூட்டமாம். நாங்கள் எல்லோரும் போகிறோம்.