ஒரே குழியில் இரண்டு கேபிள்

தேனொழுகப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. எங்கள் கேபிள் வேலையைப் பார்த்த அந்தக் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் அப்படிப் பேசுகிறவர். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழர். நான் திருநெல்வேலிக்காரன் என்று தெரிந்ததும் தெலுங்கை விட்டுவிட்டுத் தமிழில் ஒட்டிக்கொண்டார். அங்கேயே எனக்குச் சந்தேகம் தட்டியது.

நான் ஹைதராபாத்தில் ஒரு டெலிபோன் கம்பெனியில் சேர்ந்திருந்த புதிது. லாலாகுடாவிலிருந்து போலாரம் போய், வேறு சாலை வழியாகத் திரும்பி வரும் ஃபைபர் வளையம் என் பொறுப்பில் இருந்தது. ஒரு பக்கம் அறுந்தாலும் பேச்சு மறுபக்கமாகச் சுற்றி வந்துவிடும். வளையம் போடுவதே அதற்காகத்தான். அப்படியும் ஒருமுறை, சாக்கடை வெட்ட வந்த ஜேசிபி தோண்டியதில் மொத்த வளையமும் விழுந்திருக்கிறது. எனக்கு முன்னால் இருந்த மதுரைக்காரர், பேச்சை மறுபக்கம் திருப்பிவிடும் மெஷினைச் சரியாக அமைக்கவில்லை என்று பழியை அவர் தலையில் கட்டி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு முறை விழுந்தால் எனக்கும் அதே கதிதான்.

இந்த லட்சணத்தில், மல்காஜ்கிரியில் ஒரு புது மெஷினை வளையத்தில் சேர்க்கச் சொன்னார்கள். போலாரம் போகும் கேபிளை நடுவில் வெட்டி, இரண்டு முனைகளையும் புது மெஷினோடு இணைக்க வேண்டும். அது முடியும்வரை எல்லாப் பேச்சும் மறுபக்கத்தை நம்பித்தான் ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குழியைத் திறந்தோம். ஒரு கேபிள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கிடந்தன. இரண்டிலும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே சமயத்தில் போட்டது போல, பழைய ஒட்டு வேறு.

"அது வேற கம்பெனிது சார். கைக்கு டென்ஷன்?" என்றார் சூப்பர்வைசர். 'எதற்கு' என்பதை ஹைதராபாத்காரர்கள் 'கைக்கு' என்பார்கள்.

சந்தேகத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் கட்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"அடுத்தவன் கேபிள்தானே, மொதல்ல அதையே வெட்டிப் பாத்துருவோமா?"

வாங்கிக்கொண்டார். ஆனால் குனியவில்லை.

"நக்கோ சார், வேணாம். அதுவும் நம்மளுதுதான்."

அப்புறம் ஒவ்வொன்றாகக் கக்கினார். சாலை தோண்ட ஒரே பக்கம்தான் அனுமதி கிடைத்ததாம். வளையத்தின் இரண்டு கையையும் ஒரே குழியில் போட்டு மூடிவிட்டார்களாம். அந்த ஜேசிபி இரண்டையும் சேர்த்தே அறுத்திருக்கிறது. மெஷினை யார் எப்படி அமைத்திருந்தாலும் வளையம் விழுந்திருக்கும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அந்தக் குழியிலேயே வைத்து மூடியிருப்பேன். வேலை கிடந்ததே! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, வெட்ட வேண்டியதை மட்டும் வெட்டவைத்து, புது மெஷினைச் சேர்த்தேன். ஓர் அழைப்புகூட அறுபடவில்லை.

மறுநாள் மேலாளரிடம் போய், இரண்டு கேபிளும் ஒரே குழியில் போகின்றன என்று மட்டும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. அந்த சூப்பர்வைசர் உளறிவிட்டானா என்று தெலுங்கில் கேட்டார். நான் சூப்பர்வைசர் பேச்சையே எடுத்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் அந்த மதுரைக்காரரின் நம்பரைத் தேடிப்பிடித்துப் பேசினேன். நடந்ததைச் சொல்லி, உங்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை என்றேன்.

"சார், இதை என் வீட்டுக்காரிகிட்ட ஒரு தடவை சொல்லிருங்களேன்" என்றார்.

என் பதிலுக்குக்கூடக் காத்திராமல் போனை அவளிடம் கொடுத்துவிட்டார்.